சேர் வந்து சாப்பிட்டுப் போனார்

1

சில மாதங்களுக்கு முன் எனக்கு வேலையிடத்தில் எச்சரிக்கை தந்தார்கள். குற்றம், ஒரு பிள்ளைக்குச் சாப்பாடு போட்டது.

தொடங்கும்போதே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். எழுத்துப் பிழைகளைப் பத்திரிகைக்காரர் திருத்திக்கொள்ளட்டும். கோபத்தை மட்டும் திருத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இங்கிலாந்துக்கு வந்து இத்தனை வருடத்தில் நான் சேமித்தது அது ஒன்றுதான்.

இலங்கையில் எங்கள் ஊரில் எல்லாருக்கும் நான் ‘லண்டன் நானா’, அதாவது லண்டன் அண்ணன். உண்மையில் நான் இருக்கும் ஊரிலிருந்து லண்டனுக்குப் போக இரயிலில் குந்தியிருந்து ஒரு தூக்கம் போட வேண்டும். இங்கே ஒரு ஆரம்பப் பள்ளிக்கூடத்தின் குசினியில் பீங்கான் கழுவுகிறேன். ஆள் குறைந்த நாட்களில் பரிமாறவும் விடுவார்கள். பரிமாறும்போது தலைக்கு ஒரு வலை போடச் சொல்கிறார்கள். என் தலையில் மயிர் போய் எத்தனையோ வருடம். வலைக்குள் பிடிபட ஒன்றும் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். சட்டம் சட்டம்தானாம்.

பிள்ளைகள் வரிசையில் வந்து ஒரு சின்ன மெஷினில் பெருவிரலை வைக்க வேண்டும். பச்சை எரிந்தால் சாப்பாடு. சிவப்பு எரிந்தால் வீட்டிலிருந்து காசு கட்டவில்லை என்று அர்த்தம். அந்தப் பிள்ளையை வரிசையிலிருந்து விலக்கி, ஓரத்து யன்னலில் ஒரு துண்டுப் பாணும் சீஸும் கொடுக்க வேண்டும். சின்ன வகுப்புகளுக்கு இலவசம்தான். கொஞ்சம் வளர்ந்துவிட்டால் பசியும் வளர்ந்து கட்டணச் சாமானாகிவிடும்.

அன்றைக்கு ஒரு பொடியன் விரலை வைத்தான். சிவப்பு. காற்சட்டையில் துடைத்துவிட்டுத் திரும்ப வைத்தான். சிவப்பு. மூன்றாந்தரம் ஊதிவிட்டு வைத்தான். பின்னால் நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். நான் மீன் துண்டும் பட்டாணியும் போட்டு அவன் கையில் கொடுத்துவிட்டேன். அவ்வளவுதான் நடந்தது.

குசினிக்குப் பொறுப்பான லின்டா என்னை அறைக்குள் கூப்பிட்டாள். கெட்டவள் இல்லை, அவளுக்கும் மேலே ஆட்கள் இருக்கிறார்கள். நகரசபையில் காசு இல்லை, பள்ளிக்கூடத்தில் காசு இல்லை, எல்லாருக்கும் கொடுக்கத் தொடங்கினால் குசினியையே பூட்ட வேண்டியதுதான் என்றாள். என் இங்கிலிஸில் எதற்கும் யெஸ் என்பதுதான் பழக்கம். விளங்கியதா என்றாள். யெஸ் என்றேன். செய்தது பிழை என்று தெரியுமா என்றாள். யெஸ். திரும்பவும் செய்வாயா என்றாள். யெஸ் என்றுவிட்டேன். அன்றைக்கு என் வாயிலிருந்து வந்த யெஸ்களில் உண்மையானது அது ஒன்றுதான்.

2

அன்று மாலை என் தங்கச்சி ரஷீதாவின் குரல் பதிவு போனில் வந்து கிடந்தது. அவள் புத்தளம் பக்கம், மாம்புரிக்கு இங்கால இருக்கும் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பகல் சமைத்துக் கொடுப்பவள். பதிவில் கொஞ்ச நேரம் காற்று இரைந்தது. அப்புறம், “நானா, புள்ளைகள எடை போட்டாங்க” என்றாள்.

என் படிப்பைப் பற்றி முன்னமே சொன்னேன். நான் பள்ளிக்கூடம் போனது பணிசுக்கு. அந்தக் காலத்தில் பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு பணிஸ், உள்ளங்கையளவு இனிப்புப் பாண், கொடுத்தார்கள். பிறகு கொழும்பில் யாரோ செலவைக் குறைத்தார். பணிஸ் நின்றது, நானும் நின்றேன். எனக்குப் பெருக்கல் வாய்ப்பாடு ஏழுக்கு மேல் தெரியாது. அதுவரை பணிஸ் இருந்தது.

ரஷீதா அப்படி இல்லை, பிடிவாதமாய்ப் படித்தவள். இப்போது பிடிவாதமாய்ச் சமைக்கிறாள். சோறு, பருப்பு, நெத்தலி, ஒரு கீரைச் சுண்டல், சில நாளில் முட்டை. அரசாங்கத்தின் காசு பிந்தித்தான் வரும், கடைக்காரனிடம் அவள்தான் பல்லைக் காட்டுவாள். ஆனாலும் அந்தப் பள்ளிக்கூடத்தில் பகல் மணி அடித்தால் எல்லாப் பிள்ளையும் சாப்பிட்டது.

அப்புறம் நாடு விழுந்தது. உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, பெட்ரோலுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்றவர்கள் நீங்கள்தான். வரிசைகள் முடிந்த பிறகுதான் பள்ளிக்கூடத்துக்குப் புது உத்தரவு வந்தது. சாப்பாட்டுக் காசும் அரிசியும் இனி எல்லாருக்கும் இல்லை, மெலிந்த பிள்ளைகளுக்கு மட்டும். மெலிந்தவர் யார் என்று கண்டுபிடிக்க ஒரு த்ரீவீலரில் தராசு வந்தது. பதிவைக் கேட்டுவிட்டு நான் அவளுக்குப் போன் எடுத்தேன்.

“ஒவ்வொண்டா ஏத்திப் பார்த்தாங்க நானா. பாதிப் பேருக்கு மேல இல்லையெண்டுட்டாங்க.”

“அப்ப மத்தவங்க?”

“மத்தவங்க ஃபெயில்.”

எங்கள் ஊரில் மெலிந்திருப்பதிலும் பாஸ், ஃபெயில் வந்துவிட்டது. அந்தச் சோதனையில் முதலாம் பிள்ளையாக வந்தவள் சுமையா, நாலாம் வகுப்பு. அவளுடைய பாட்டன் குடும்பம் தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு விரட்டப்பட்டு வந்தவர்கள். வாப்பா இன்னொரு கலியாணம் முடித்துக்கொண்டு போய்விட்டார். உம்மா மற்றவர்களின் தோட்டத்தில் மிளகாய் ஆய்கிறவள். சுமையாவைத் தராசில் ஏற்றியபோது முள் அசைந்ததா இல்லையா என்று குனிந்து பார்த்தார்களாம்.

“என்ன புள்ள, நீ இன்னும் ஏறல்லையா எண்டு கேட்டாங்க நானா. ஏறித்தான் நிக்கிறன் எண்டாள்.”

3

என் மகள் நஸ்ரா இங்கே நகரசபையில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறாள். பல்கலைக்கழகத்தில் படித்தவள். அவளுடைய தமிழ் ‘சாப்பிட்டீங்களா வாப்பா’ வரைக்கும் நேராக வரும், அதற்கப்பால் இங்கிலிஸில் ஏறிவிடும். நானும் பின்னால் ஓடிப் பார்ப்பேன், இரண்டாவது வளைவிலேயே ஆளைக் காணோம். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து என்னோடு சாப்பிடுவாள். அவளுடைய வேலையைப் பற்றி நானும் என் வேலையைப் பற்றி அவளும் கேட்பதில்லை. அந்தக் கிழமை கேட்க வேண்டியதாயிற்று.

எனக்குக் கிடைத்த எச்சரிக்கையைச் சொன்னேன், ரஷீதாவின் தராசையும் சொன்னேன். அவள் கரண்டியை வைத்துவிட்டு, பொறுமையாக விளக்கினாள். சின்னப் பிள்ளைக்கு விளக்குகிறது போல, பாதி தமிழில் பாதி இங்கிலிஸில்; எனக்கு விளங்கியதைத் தமிழில் தருகிறேன்.

“வாப்பா, காசு இல்லாட்டி என்ன செய்யுற? எல்லாருக்கும் கொஞ்சம் குடுத்தா ஒருத்தருக்கும் காணாது. கூடத் தேவையானவங்களப் பார்த்துக் குடுக்கணும். டார்கெட் பண்றது.”

“டார்கெட் எண்டா குறி வைக்கிறதுதானே மகள்?”

“ஓம், அப்படித்தான்.”

“யுத்தம் முடிஞ்சிட்டு எண்டுதான் நான் நெனச்சிருந்தன்.”

அவள் சிரிக்கவில்லை. என் பகிடிகளுக்கு அவள் சிரிப்பதை நிறுத்தி வெகுகாலம்.

கோபம் அவள் மேல் இல்லை. யுத்தம் முடிந்தபோது நான் இங்கே ஒரு கடையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். தொலைக்காட்சியில் சொன்னதை என் காதால் கேட்டேன். இனித் துப்பாக்கிக்குப் போன காசெல்லாம் பிள்ளைகளின் எதிர்காலத்துக்கு என்றார்கள். நல்ல செய்தி என்று ஒரு கிழங்கைக் கூடுதலாக உரித்தேன். வருடா வருடம் அணிவகுப்பு நடந்தது. ரோட்டு வந்தது, ரோட்டுக்கு நடுவில் பூச்செடி வந்தது, பூச்செடிக்கு விளக்கு வந்தது. எங்கள் ஊரிலிருந்து பார்த்தால் நாட்டுக்கே மின்சாரம் கொடுக்கும் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி தெரியும். வெளிச்சத்துக்குக் குறைவில்லை. அந்த வெளிச்சத்தில் பார்த்தால் பிள்ளைகளின் விலா எலும்பு நன்றாகத் தெரியும்.

பிறகு கல்லா வெறுமையானது. கத்தியை எடுத்தார்கள். யார் பக்கம் போகலாம் என்று பார்த்தார்கள். பெரிய கதிரைகளில் இருந்தவர்களைத் தராசில் ஏற்றியதாக நான் கேள்விப்படவில்லை. ஏற்றியிருந்தால் நாட்டில் தராசே மிஞ்சியிருக்காது. பிள்ளைகள் ரோட்டை மறிக்கமாட்டார்கள். வேலைநிறுத்தம் செய்யமாட்டார்கள். வாக்குப் போட இன்னும் எத்தனையோ வருடம் கிடக்கிறது. ஆகவே கத்தி அவர்களுடைய பீங்கானுக்குள் இறங்கியது. இதற்குப் பெயர் முன்னுரிமையாம். முன்னால் நிறுத்தி வெட்டுவதற்கும் அதே பெயர் பொருந்தும் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. ஏழாம் வாய்ப்பாட்டோடு நின்றவனுக்கு இது எப்படி விளங்கும்?

நஸ்ரா கரண்டியைத் திரும்ப எடுத்தாள். பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“எங்கட ஒபிஸுக்கு ஒரு உம்மா வந்தா. பிள்ளைக்கு ஹெல்ப் கேட்டு. ஹெயார் செட் பண்ணி, நல்ல கோட் போட்டு, நீட்டா வந்தா. பார்த்தவங்க இவளுக்கு அவசரம் இல்லையெண்டு எழுதிட்டாங்க.”

“அப்ப எப்படி வரணும்?”

“தெரியா வாப்பா” என்றாள். அதைத் தமிழில் சொன்னாள்.

4

சஹன் என்றால் என்ன என்று எங்கள் பகுதியில் கேட்பவர் இருக்கமாட்டார். வேறு பகுதிகளில் இதைப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். கலியாணத்திலும் கந்தூரியிலும் எங்களுக்குத் தனித்தனிப் பீங்கான் இல்லை. பெரிய வட்டத் தட்டில் சோற்றைக் குவித்து, நடுவில் இறைச்சி வைத்து, சுற்றிவர ஆறு பேர் குந்துவார்கள். அந்தத் தட்டுத்தான் சஹன். ஒவ்வொருவரும் தன் பக்கத்திலிருந்து சாப்பிட வேண்டும். நடுவில் உள்ளதை ஒருவர் பிய்த்து மற்றவர்களின் பக்கம் தள்ளிவிடுவார். தனக்குக் கடைசியில்.

தராசு வந்து போன அடுத்த நாள், மெலிந்த பிள்ளைகளுக்கு மட்டும் சமைத்துக்கொண்டு ரஷீதா போனாள். பாஸானவர்கள் பீங்கானோடு குந்தினார்கள். ஃபெயிலானவர்கள் யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். சுமையா ஒரு வாய் வைத்துவிட்டு, யன்னலில் நின்ற தன் கூட்டாளியைப் பார்த்து, “நீயும் கொஞ்சம் மெலியேன்டி” என்றாளாம். எல்லாரும் சிரித்தார்கள். ரஷீதா வீட்டுக்குப் போய் அழுதாள்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போய், கலியாணங்களுக்கு வைத்திருக்கும் சஹன்களைக் கேட்டாள். உம்மாமார்களைக் கூப்பிட்டாள். ஒருத்தி தேங்காய், ஒருத்தி முருங்கை இலை, கடலுக்குப் போகிற வீட்டிலிருந்து சின்ன மீன். அரசாங்கம் பாதிப் பேருக்குத் தந்த அரிசியோடு இதையெல்லாம் சேர்த்து ஆக்கி, சஹனில் போட்டு, எல்லாரையும் சுற்றிக் குந்த வைத்தாள். ஒரு சஹனில் மெலிந்தவன், மெலியாதவன், மெலியப்போகிறவன் எல்லாரும் இருந்தார்கள். யார் பாஸ், யார் ஃபெயில் என்று அல்லாஹ்வுக்கு மட்டும்தான் தெரியும்.

அந்த நாட்களில் ஒரு பகல் வீடியோவில் கூப்பிட்டாள். பிள்ளைகள் போனைச் சுற்றி மொய்த்துக்கொண்டார்கள். சுமையா எல்லாரையும் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள். கண் இரண்டும் முகத்தைவிடப் பெரிது.

“மாமா, நீங்க லண்டன்ல என்ன வேல?”

“ஸ்கூல்ல பீங்கான் கழுவுறன் மகள்.”

“அதுக்கா ப்ளேன்ல போன?”

“ஓம்.”

“எங்களுக்கு இப்ப பீங்கானே இல்ல. சஹன் மட்டும்தான். நீங்க இங்க வந்தா ஒங்களுக்கு வேலயும் இல்ல.”

இப்படி ஒரு வாயை வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளை கணக்கிலும் தமிழிலும் வகுப்பில் முதலாவதாம். தராசு அதை நிறுக்கவில்லை.

5

“நானா, சேர் ஒருத்தர் பார்க்க வாராராம்” என்று அடுத்த குரல் பதிவு வந்தது. மேலிடத்துக் காரியாலயத்திலிருந்து, சாப்பாடு ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க.

இங்கேதான் எங்கள் சனம் எங்கள் சனமாய் நடந்தது. வேறு யாராய் இருந்தாலும் அன்றைக்குச் சோற்றைக் குறைத்து, பருப்பில் தண்ணீரைக் கூட்டி, பிள்ளைகளின் கிழிந்த சேர்ட்டைத் தேடிப் போட்டிருப்பார்கள். எங்கள் ஊரில் என்ன நடந்தது தெரியுமா? உம்மாமார்களில் ஒருத்தியான ஜெஸீமா முட்டைக்காக வைத்திருந்த கோழியைப் பிடித்தாள். இன்னொருத்தி முட்டைகளை அவித்தாள். கடலுக்குப் போனவர் நல்ல மீனை விற்காமல் கொண்டுவந்து கொடுத்தார். இனிப்புக்கு வட்டிலாப்பமும் அவித்தார்கள். பிள்ளைகளுக்குப் பெருநாள் உடுப்பு.

“எங்களத் தேடி வாற மனிசன், ரஷீதா. வெறும் வயித்தோட அனுப்பினா நாளைக்கு ஊருக்கு என்ன பேரு?” என்று ஜெஸீமா கேட்டாளாம். 

சேர் மோட்டார் சைக்கிளில் வந்தார். சிலாபம் பக்கத்துத் தமிழர், வசனத்தைத் தமிழில் தொடங்கிச் சிங்களத்தில் இறக்குவார். நல்ல மனிதர் என்றுதான் ரஷீதா இன்றைக்கும் சொல்கிறாள். வாசலில் செருப்பைக் கழற்றினார். சஹன்களைச் சுற்றியிருந்த பிள்ளைகளைப் பார்த்தார். மணம் பிடித்தார்.

“இரிங்க சேர். பிள்ளைகளோட ஒரு வாய்.”

“ஐயோ, வேணாம் ராத்தா. டியூட்டியில வந்தது.” எங்கள் முறைப்படி அக்காவை ராத்தா என்றே கூப்பிட்டார்.

“சாப்பாடு பார்க்கத்தானே வந்த? கண்ணால பார்த்து உப்பு தெரியுமா?”

அவர் இருந்துவிட்டார். அவர் குந்திய சஹனில் சுமையா இருந்தாள். விருந்தாளி வந்தால் நடுவிலுள்ளது அவர் பக்கம் போக வேண்டும் என்பது அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்காத பாடம். கோழித் துண்டுகளை ஒவ்வொருவராக அவர் பக்கம் தள்ளினார்கள். சுமையா தன் பங்கில் இருந்த அரை முட்டையை எடுத்து அவருக்கு முன்னால் வைத்தாள்.

“இது ஒங்களுக்கு சேர்.”

“நீ சாப்பிடு புள்ள.”

“எனக்கு ஒவ்வொரு நாளும் இரிக்கி” என்றாள்.

அவள் முட்டை கண்டு மாதக்கணக்காகியிருந்தது. சேர் அதை எடுத்துச் சாப்பிட்டார்.

“ஹரி ஹரி, சரி சரி. இந்த ஊர்ப் பிள்ளைகள் ராசாக்கள் மாதிரித்தான் சாப்பிடுதுகள்” என்று கையைக் கழுவினார். வட்டிலாப்பத்தில் இரண்டாந்தரம் போட்டுக்கொண்டார். வீட்டுக்கும் ஒரு துண்டு கட்டிக் கொடுத்தார்கள். ரஷீதா சந்தோசத்தில் எனக்குப் போன் எடுத்தாள்.

“சேருக்கு மனசு நெறஞ்சிட்டு நானா.”

எனக்கும் நிறைந்தது. அடுத்த இரண்டு நாளும் அந்த ஊர் வீடுகளில் அடுப்பு அரைவாசிதான் எரிந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

6

கொஞ்சக் காலத்தில் பள்ளிக்கூட அதிபருக்கு உத்தரவு வந்தது. அவர் ரஷீதாவைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினார். இந்தப் பாடசாலையில் ஊர் மக்களே பிள்ளைகளின் போசாக்கைச் சிறப்பாகக் கவனித்துக்கொள்வது நேரில் அவதானிக்கப்பட்டது. தரப்படும் அரிசி தேவைக்கு மேலதிகமாகவும் இருக்கிறது, ஏனென்றால் தகுதி பெறாத பிள்ளைகளும் அதில் சாப்பிடுகிறார்கள். எனவே இங்கே கொடுத்தது நிறுத்தப்பட்டு, இதைவிட முன்னுரிமை உள்ள பாடசாலைக்கு மாற்றப்படுகிறது. ஊர் மக்களுக்குப் பாராட்டு.

பாராட்டை அதிபர் இரண்டு தரம் வாசித்தாராம், முதல் தரம் தன் கண்ணையே நம்பாமல்.

மூன்று பேரின் சோற்றை ஆறு பேர் சாப்பிட்டால் மூன்று பேரின் சோறு கூடிப்போய்விட்டது என்று அர்த்தமாம். இந்தக் கணக்கை எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருகிறார்கள்? அங்கே போகாமல் நான் பணிசோடு நின்றது நல்லதாய்ப் போயிற்று. பசித்தவன் பக்கத்தவனுக்குக் கொடுத்தால் அவனுக்குப் பசியில்லை. மானத்தோடு இருந்தால் வறுமையில்லை. சிரித்தால் போசாக்கு. இப்படித்தான் எழுதுகிறார்கள், எழுதிவிட்டு மின்விசிறியைக் கூட்டி வைத்துக்கொள்கிறார்கள். சுமையாவின் அரை முட்டையை வயிற்றில் வைத்துக்கொண்டு அந்த மனிதர் எப்படி அந்த வரியை எழுதினார் என்று இங்கே பாத்திரத்துக்கு நுரை போடும்போதெல்லாம் யோசிக்கிறேன். ஒரு நாள் யோசனையில் ஒரு பீங்கானை உடைத்துவிட்டேன்.

பெண்கள் விடவில்லை. கொஞ்ச நாள் தங்கள் கையிலிருந்தே ஓட்டினார்கள். பிறகு கச்சான் காற்று எழும்பியது, கடலுக்குப் போக முடியவில்லை. மீன் நின்றது, தேங்காய் விலை ஏறியது. சஹன்களைக் கழுவிப் பள்ளிவாசலுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். பகல் மணிக்குப் பிறகு வகுப்பில் தூங்கும் பிள்ளைகள் கூடினார்கள். அதற்கப்புறம் வராத பிள்ளைகள் கூடினார்கள்.

சுமையாவும் வரவில்லை.

ரஷீதா மிளகாய்த் தோட்டத்துக்குத் தேடிப்போனாள். வரிசைக்கு நடுவில் உம்மாவும் மகளும் குனிந்து ஆய்ந்துகொண்டிருந்தார்கள். உம்மா நிமிராமலே பேசினாள்.

“ஸ்கூல்ல சோறு இருந்திச்சு, அனுப்பின. இங்க கூலியோட பகலைக்கும் சோறு தாராங்க. என்ன செய்யச் சொல்ற?”

“படிக்கிற புள்ள ராத்தா. வகுப்பில முதலாவது.”

“அதத் தின்னலாமா?”

சுமையா மிளகாய்க் கையோடு கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றாள். “மாமி, இங்க எனக்கு முழுப் பங்கு சோறு” என்றாள். பெருமையாகச் சொன்னாளாம்.

அதைக் கேட்டதும் ரஷீதா வீட்டுக்குப் போகவில்லை. அப்படியே ரோட்டில் ஏறி, புத்தளம் பஸ்ஸைப் பிடித்து, காரியாலயத்துக்குப் போனாள். சேர் அவளைக் கண்டதும் எழும்பிவிட்டார். கதிரை போட்டார். அவள் இருக்கவில்லை.

“ராத்தா, ஒங்கட ஊரப்பத்தி நான் நல்லாத்தானே எழுதினன்? இந்தப் பகுதியிலேயே நல்ல ரிப்போட் அதுதான்.”

“அதுதான் சேர் எங்கட புள்ளைகள்ட வயித்தில அடிச்சது.”

“நான் கண்டதத்தான் எழுதினன். அண்டைக்கு நானே சாப்பிட்டன்.”

“சாப்பிட்டத நான் சொல்லிக் காட்ட வரல்ல. அது ஒங்கட நஸீபு, ஒங்களுக்கு விதிச்ச பங்கு, ஹலாலாகட்டும். எழுதினதத்தான் கேக்கிறன். அந்த அரிசி எங்கட புள்ளைகள்ட ஹக்கு, அவங்கட உரிமை.”

அவர் பேனையை மூடித் திறந்தார். மேலிருந்து ஒவ்வொரு மாதமும் எங்கே குறைக்கலாம் என்று கேட்கிறார்கள், குறைக்காவிட்டால் என்னைக் கேட்பார்கள் என்றார். லின்டா சொன்ன அதே கதை. எனக்கு மேலே, எனக்கு மேலே என்று எல்லாரும் வானத்தைக் காட்டுகிறார்கள். அந்த மேலே இருப்பவன் எங்கே சாப்பிடுகிறான் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை.

கடைசியில், “சரி, நான் திரும்ப ஒருக்கா வந்து பார்க்கிறன்” என்றார். பிறகு குரலை இறக்கி, “பார்க்கிற மாதிரி இருக்கணும் ராத்தா” என்றார்.

7

இதற்கிடையில் இங்கே அந்தப் பொடியனுக்கு இன்னமும் சிவப்பு எரிகிறது. பாண் துண்டுக்கும் சீஸுக்கும் நடுவில் ஒரு மீன் துண்டு ஒளிந்து போகிறது. லின்டா ஒருநாள் பார்த்துவிட்டு யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இதை எழுதலாமா என்று யோசித்தேன். அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, உங்களில் யாரும் சொல்லிவிடாதீர்கள். நஸ்ரா மட்டும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும், “மாமிட ஸ்கூலுக்கு என்ன நடந்த?” என்று கேட்கத் தொடங்கியிருக்கிறாள். இங்கிலிஸில் ஏறாமலே கேட்கிறாள்.

சேர் திரும்ப வரும் நாளுக்கு முதல் நாள் ரஷீதா போன் எடுத்தாள். பின்னால் பெண்களின் சத்தம்.

“சோறு வைக்கிறதில்ல எண்டு எல்லாரும் ஒத்துக்கிட்டோம். ஜெஸீமா பிளேன்டி மட்டும் குடுப்போம் எண்டுறாள்.”

“பிளேன்டி குடுத்தா சீனி இரிக்கி எண்டு எழுதுவாங்க” என்றேன்.

“சீனி இல்லாமக் குடுத்தா?”

“தேயிலை இரிக்கி எண்டு எழுதுவாங்க.”

பகிடிக்குச் சொன்னேன். அந்தப் பக்கம் யாரும் சிரிக்கவில்லை. ரஷீதா, “அப்ப ஒண்டும் இல்ல” என்றாள்.

அன்றைக்கு நடந்ததை அவள் பிறகு சொன்னாள். எல்லாப் பிள்ளைகளையும் வரச் சொல்லியிருந்தார்கள். சுமையாவின் உம்மாவிடம் கெஞ்சி அவளையும் கூட்டி வந்தார்கள். பெருநாள் உடுப்பு வேண்டாம், இருப்பதைப் போடுங்கள் என்று சொன்னார்கள். கடும் வெயில். சேருடைய மோட்டார் சைக்கிள் மணலில் புதைந்து, பாதித் தூரம் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தார். சேர்ட் முதுகில் ஒட்டியிருந்தது. பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றார்கள். யாரும் வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. சேர் வகுப்பைப் பார்த்தார், வெறும் அடுப்பைப் பார்த்தார், தூங்கிவிழும் பிள்ளைகளைப் பார்த்தார். ஏதோ எழுதினார். பிறகு நாக்கால் உதட்டைத் துடைத்துக்கொண்டு, “ராத்தா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி” என்றார்.

கிணறு பத்தடியில் இருந்தது. வாளி விளிம்பில் இருந்தது.

“இல்ல சேர்” என்றாள் ரஷீதா.

அவர் கிணற்றைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அந்த இடத்தில்தான் அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டு எழுதத் தொடங்கினார்.

அதற்குள் சுமையா எழும்பி ஓடிப்போய் வாளியைக் கிணற்றுக்குள் விட்டுவிட்டாள். ரஷீதா பின்னால் போய் அவள் கையைக் கயிற்றோடு சேர்த்துப் பிடித்தாள்.

“மாமி, அவருக்குத் தாகம்.”

“விடு புள்ள.”

“மாமி, தண்ணிதானே.”

“விடு எண்டா விடு.”

அவள் விடவில்லையாம். ரஷீதா விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கயிற்றை வாங்கினாள். சேர் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மணலில் போகும்வரை பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

அரிசி திரும்ப வந்துவிட்டது. மெலிந்தவர்களுக்கு மட்டும்தான். சஹன்கள் பள்ளிவாசலிலிருந்து வந்தன, எல்லாரும் சுற்றிக் குந்துகிறார்கள், வெளியாட்கள் வந்தால் சொல்ல ஒரு பிள்ளையை ரோட்டில் நிறுத்தியிருக்கிறார்கள். சுமையா வகுப்புக்கு வருகிறாள். இதையெல்லாம் ரஷீதா நேற்று போனில் சொன்னாள், சொல்லிவிட்டு அழுதாள்.

“சோறு வந்திட்டுத்தானே? பின்ன என்னத்துக்கு அழுற?”

“அந்தப் புள்ள என்னோட கதைக்கிறாள் இல்ல நானா.”

நான் ஒரு பகிடி தேடினேன். 

“இனி எப்ப அந்த மனிசன் வந்தாலும் தண்ணி குடுக்க ஏலா, என்ன?” என்று கேட்டாள்.

“ஏலா” என்றேன்.